பல் போன சீல்

பழைய கவர், பழைய கடிதம் வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி நம் சேகரிப்பாளர் சங்கத்தில் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்று பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்தவள். நான் பேசப் பேச என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எழுத்துத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. படிக்கும்போது சிரிப்பு வரவில்லை என்றால் அவளைக் கேளுங்கள்.

முத்திரையை எப்படிப் பார்ப்பது, மழைக்காலத்தில் காகிதத்தை எப்படிக் காப்பது என்பதெல்லாம் உங்களுக்கு ஃபோனிலேயே கிடைக்கிறது. ஒருத்தர் பழைய கடிதத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து, “இப்ப வெல ஏறும் இல்ல?” என்று கேட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதைக் கூடப் பழகிவிடுவீர்கள். நான் சொல்ல வருவது வேறு. எங்கள் கடைக்காரர் ஒரு நாள் தவளக்குப்பத்தில் ஒரு வீட்டில் என்ன செய்தார் என்பதைச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வார். ஊருக்கு அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முசேவுக்கு வீட்டில் பிரெஞ்சு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பழைய காசு, பழைய தபால் தலை, அதற்கும் பழைய கடிதம். நான் அங்கே காகிதம் பிரித்து அடுக்கப் போனேன். அதற்கு முன்னால் நெல்லித்தோப்பில் வீடு வீடாக மீன் விற்றேன். முதல் நாள் அவர் மூக்கைச் சுருக்கினார்.

“கைய ரெண்டு தடவ கழுவிட்டு வாம்மா.”

“மூணு தடவ கழுவிட்டேன் முசே. இது கை வாசன இல்ல, பரம்பர வாசன.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முதல் எனக்கென்று ஒரு சோப்பு வாங்கி வைத்தார். வாசனைச் சோப்பு.

கடையில் சில சட்டங்கள் உண்டு. கடிதம் மேசைக்கு வந்தால் ஃபேனை நிறுத்த வேண்டும். டீ வாசற்படி தாண்டக் கூடாது. முக்கியமான சட்டம் சைன். ஒரு முத்திரை உண்மையானது என்று முசே நம்பினால், கடிதத்தின் பின்பக்கம் ஓரமாகப் பென்சிலால் மிளகு அளவுக்கு ஒரு கையெழுத்துப் போடுவார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். அந்த மிளகைப் பார்த்துதான் இந்த ஊரில் பாதி வியாபாரம் நடந்தது. சைன் போட்டதை அவர் வாங்க மாட்டார், வாங்கப் போவதற்குச் சைன் போட மாட்டார். “நானே வாங்கி நானே நல்லதுன்னு சொன்னா எவன் நம்புவான்?” என்பார்.

டப்பா நிறையப் பென்சில் இருக்கும், ரப்பர் ஒன்று கூட இருக்காது. நான் கேட்டேன்.

“என்னா முசே, தப்பா போட்டுட்டா எதால அழிப்பீங்க?”

“மை காகிதத்தத் தின்னுடும், அதுக்குத்தான் பென்சில். ரப்பர் பக்கத்துல இருந்தா கை அவசரப்படும், அதுக்குத்தான் அது இல்ல.”

இனிக் கண்டக்டர். கடலூர் சாலையில் ஓடும் ஒரு டவுன் பஸ்ஸில் கண்டக்டர், வீடு தவளக்குப்பம். சில்லறையையும் பழைய முத்திரையையும் ஒரே கண்ணால் பார்க்கிற ஆள். அவர் பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு வயதான அம்மாவுக்கு, எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் ஒரு சீட்டுப் பிடித்துக் கொடுப்பார். அந்த அம்மா பிரான்சில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகக் கிளம்பும்போது, தன் கொள்ளுத் தாத்தா காலத்துக் காகிதக் கட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில்தான் அந்தக் கடிதம் இருந்தது.

அந்தக் காலத்துக் கடிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் படிக்கும் உங்கள் வீட்டுக்காரிக்காகச் சொல்கிறேன். தபால் தலை கிடையாது, கவர் கிடையாது. ஒரே தாளில் உள்ளே எழுதி, அதையே மடித்து, பின்பக்கம் அரக்கு உருக்கி ஒட்டி, முன்பக்கம் விலாசம் எழுதுவார்கள். தபால் ஆபீசில் ஒரு ஆள் ஊர்ப் பெயர் வெட்டிய அச்சை மையில் தொட்டு, கையால் ஒரு குத்துக் குத்துவார். அந்த ஒரு குத்துக்காகத்தான் இன்றைக்கு நாம் சண்டை போட்டுக்கொள்கிறோம். கண்டக்டரிடம் இருந்தது இந்த ஊர்ப் பெயர், சிவப்பு மையில், சின்னக் கட்டத்துக்குள். அப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

சங்கக் கூட்டம் மாதம் ஒரு தரம், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும். பெரிய பெரிய மனிதர்கள் குழந்தைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். கண்டக்டர் யூனிஃபார்மோடு வந்தார், ட்யூட்டி முடிந்து நேராக. கடிதத்தை விரித்து, தட்டையாக, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். முசே முன்னால் வைத்துவிட்டு, தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முசே லென்ஸை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் பார்த்தார். முத்திரையின் இடது பக்கம், நகத்தால் கிள்ளி எடுத்தது போல, பிறை வடிவத்தில் ஒரு வெள்ளை. அந்த இடத்தில் கட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை.

“இதுக்கு நான் சைன் போட மாட்டேன்.”

“ஏன் முசே?”

“கையால குத்துன சீல் மங்கலா விழும். ஓரம் விழாமப் போகும். ஆனா இப்பிடிப் பிறை மாதிரி சுத்தமா விட்டுப் போகாது. யாரோ தொட்டுத் தொட்டு வரஞ்சிருக்காங்க.”

“யாரோன்னா?”

“அது எனக்குத் தெரியாது.”

அவர் அளவில் அது நேர்மையான பதில். ஆனால் வகுப்பறை முழுக்கக் கண்டக்டரைப் பார்த்தது. எங்கள் சங்கத்தில் ஒரு பல் டாக்டர் உண்டு. கெட்டவர் இல்லை, சேகரிப்பில் பெரிய ஆள். ஒரு ஜோக் தோன்றினால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் வியாதி.

“கண்டக்டரே, உங்க சீலுக்கு ஒரு பல்லு போயிருக்கு. க்ளினிக்குக் கொண்டாங்க, கட்டி உட்டுடறேன்.”

நல்ல ஜோக். நல்ல ஜோக்காக இருந்ததுதான் வினை. சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் பல்லும் பல் செட்டுமாகப் படங்கள் வந்து விழுந்தன. கடிதத்துக்குப் ‘பல் போன சீல்’ என்று பெயராகிவிட்டது. முசே சொன்ன ‘யாரோ’ இரண்டு ஃபார்வர்டு தாண்டுவதற்குள் ‘கண்டக்டரே’ ஆகிவிட்டார். முன்பு அவரிடம் கவர் வாங்கியவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று அதையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சங்கத்து ஆள் ஒருத்தர் பஸ்ஸில் ஏறி, மீதிச் சில்லறையைத் தூக்கிப் பிடித்து, “இதாவது ஒரிஜினலா கண்டக்டர்?” என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸே சிரித்ததாம். கண்டக்டர் குழுவிலிருந்து விலகினார். கூட்டத்துக்கு வருவது நின்றது.

நான் முசேவிடம் கேட்டேன். “அந்த ஆளு பொய் சீல் குத்தற ஆளா?”

“நான் ஆளப் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா. காகிதத்தப் பத்திதான் சொன்னேன்.”

“நீங்க சொல்லல. ஊரு சொல்லிடுச்சி.”

அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

சில மாதம் போனது. ஒரு நாள் காரைக்காலுக்கு ஒரு பழைய வெள்ளிக் காசு அனுப்ப வேண்டியிருந்தது. எப்போதும் காலிக் கவரில் கடையின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டுத்தான் காசை உள்ளே வைப்போம். அன்றைக்கு நான் முதலில் காசை வைத்து ஒட்டிவிட்டேன். முசே பார்க்காமல் மேலே குத்தினார். எடுத்துப் பார்த்தால் கடைப் பெயரில் ஒரு ஓரம் காணோம். காசு இருந்த இடத்தைச் சுற்றிப் பிறை மாதிரி வெள்ளையாக விட்டுப் போயிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா.

“முசே, நம்ம சீலுக்கும் பல்லு போயிடுச்சி. டாக்டரக் கூப்புடவா?”

அவர் ஸ்டாம்பைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“இன்னொரு கவரு குடு.”

கொடுத்தேன். காலிக் கவரில் குத்தினார், முழுசாக விழுந்தது. காசை வைத்துக் குத்தினார், பிறை விழுந்தது. காசைத் தள்ளி வைத்துக் குத்தினார், பிறையும் கூடவே தள்ளிப் போனது. கடையில் இருந்த கவரெல்லாம் தீர்கிற வரைக்கும் குத்தினார். வந்த வாடிக்கையாளர் ஒருத்தர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

“அந்தக் கடுதாசிய நம்ம எப்பிடிம்மா பாத்தோம்?”

“கண்ணாலதான்.”

“விரிச்சிப் பாத்தோம். தட்டையா, பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சிப் பாத்தோம். சீல் குத்தும்போது அது விரிஞ்சா இருந்திச்சி?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சீல் குத்தும்போது அது மடிந்து இருந்திருக்கும். பின்னால் அரக்கு, காசு மாதிரி ஒரு மேடு. மேட்டின் மேல் குத்தினால் ஓரத்தில் மை தொடாது. அந்த அரக்கு எந்தக் காலத்திலேயோ உதிர்ந்து போயிருக்கும். பொய்ச் சீல் போடுகிறவன் விரித்து வைத்த தாளில் நிதானமாகப் போடுவான், அவனுக்குப் பிறையே விழாது. பொய் என்பதற்கு முசே காட்டிய அடையாளமே, அது உண்மை என்பதற்கு அடையாளமாக இருக்கக்கூடும். பிள்ளைகளே, இது நம் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. கடிதத்தைக் காப்பாற்றத்தான் நாம் அதை விரித்து வைக்கிறோம். விரித்து வைத்துப் பழகி, அது மடிந்து பயணம் போனது என்பதையே மறந்துவிடுகிறோம்.

“அப்ப ஃபோனப் போட்டு நல்ல சீல்னு சொல்லிடுங்க,” என்றேன்.

“நல்லதா இருக்கலாம். நல்லதுதான்னு இன்னும் தெரியாது. பாக்காமச் சொன்னா, மொதல்ல செஞ்ச அதே வேலையத்தான் திரும்பச் செய்யறேன்.”

கண்டக்டர் ஃபோனை எடுக்கவில்லை. முசே எண்ணிலிருந்து அழைத்தாலும் என் எண்ணிலிருந்து அழைத்தாலும் அதே கதைதான். கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். முசே தொப்பி போட்டிருந்தார், சட்டைப் பையில் லென்ஸும் பென்சிலும். அரியாங்குப்பம் பாலம் தாண்டும் வரைக்கும் வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மன்னிப்பு கேக்கறது எதுல சுலபமா வருது முசே, பிரெஞ்சுலயா, தமிழ்லயா?”

“ரெண்டுலயும் வரல,” என்றார்.

தவளக்குப்பத்தில் கண்டக்டர் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. பல் டாக்டர் கார். உள்ளே போனால் கூடத்தில் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் ஆல்பங்கள். கண்டக்டர் தரையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் நாற்காலியில். கண்டக்டர் மனைவி எங்களை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க. நீங்கதான அந்த முசே. ஒக்காருங்க, காப்பி தரேன். குடிச்சிப் பாத்து ஒரிஜினலான்னு சொல்லிட்டுப் போங்க.”

முசே தொப்பியை எடுத்தார். “குடும்மா,” என்றார். அந்தப் பேச்சுக்கு அவர் தகுதியானவர்தான் என்று அவரே நினைத்தது எனக்குத் தெரிந்தது.

டாக்டர் விளக்கினார். “இவரு எல்லாத்தயும் குடுத்துடறேன்னாரு. சும்மா கண்டவங்க கைக்குப் போவறதுக்கு நான் எடுத்துக்கறேன்னு வந்தேன்.”

“இந்தப் பழக்கமே இனிமே வேணாங்க,” என்றார் கண்டக்டர். முசே முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேலே பிளாஸ்டிக் உறையில் அந்தக் கடிதம் கிடந்தது. “இதுக்கு வெல போடல. டூப்புதான. பொட்டியோட சும்மா போவட்டும்.”

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெட்டி காரில் ஏறினால் கதை முடிந்தது. கண்டக்டர் இந்த ஊர் இருக்கும் வரைக்கும் பொய்ச் சீல் குத்தின கண்டக்டர்தான். முசே வாயைத் திறக்காவிட்டால், அவர் தப்பாகச் சொன்னார் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை, அவருடைய மிளகுக் கையெழுத்துக்கு ஒரு கீறலும் விழாது. “இத நான் எடுத்துக்கறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கண்டக்டர் சும்மாவே கொடுத்திருப்பார். என் மீன்காரி மூளை இதையெல்லாம் ஒரு நொடியில் போட்டுப் பார்த்துவிட்டது. அவர் மூளை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“ஃபேன நிறுத்துங்க,” என்றார்.

கண்டக்டர் மனைவி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஃபேன் நின்றது.

“இந்தக் கடுதாசி இப்ப யாருது?”

டாக்டர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். “டிக்கெட் இன்னும் கிழிக்கல. இப்பவரைக்கும் என்னுதுதான்.”

“அப்ப உங்களக் கேக்கறேன். நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்கறேன். சரியாத் தெரியணும்னா இத மடிச்சிப் பாக்கணும். ரொம்பப் பழைய மடிப்பு. ஒடஞ்சாலும் ஒடஞ்சிடும். மடிக்கட்டுமா?”

“மடிங்க. ஒடயறதுக்கு இன்னும் என்னா இருக்குது.”

முசே கையைத் துடைத்துக்கொண்டார். உறையிலிருந்து தாளை எடுத்தார். பழைய மடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே போனார், அவராக ஒன்றும் அழுத்தவில்லை. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. ஒரு நுனியை இன்னொன்றுக்குள் செருக வேண்டிய இடத்தில் காகிதம் மெல்ல முனகியது. கண்டக்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். முசே நின்றார், மூச்சு விட்டார், செருகினார். உடையவில்லை.

கையில் இப்போது சின்னக் கடிதம், தபால்காரர் கொண்டு வந்தது போல. பின்பக்கம் திருப்பினார். மடிப்பு சேருகிற இடத்தில் காப்பிக் கறை மாதிரி வட்டமாக ஒரு எண்ணெய்த் தடம், அரக்கு இருந்த இடம். தடத்தின் மேல் கட்டை விரலை வைத்தார். முன்பக்கம் பிறையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். இரண்டு விரலும் காகிதத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகச் சந்தித்துக்கொண்டன.

அப்படியே கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் அதே மாதிரி விரல் வைத்துப் பார்த்தார். அவர் மனைவி பார்த்தார். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார், இரண்டு தடவை.

“பல்லு போவல,” என்றேன் நான். “பல்லுக்கு அடியில அரக்கு இருந்திருக்கு.”

முசே பென்சிலை எடுத்தார். டாக்டர் அவர் மணிக்கட்டைத் தொட்டார்.

“முசே, அவசரப்படாதீங்க. சைன் போட்டா உங்களால வாங்க முடியாது. இந்த மாதிரி ஒண்ணு இனிமே உங்க கடைக்கு வரவே வராது.”

“தெரியும். அதுக்குத்தான் இப்பவே போடறேன்.”

கடிதத்தை மடித்தபடியே கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் ஓரத்தில் மிளகு அளவுக்குக் கையெழுத்து விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் நிறுத்தியிருப்பார்கள். அவர் அதற்குக் கீழே ஒரு வரி எழுதினார். எப்போதும் பிரெஞ்சில் எழுதுகிறவர் தமிழில் எழுதினார். கண்டக்டர் எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

“முன்பு இதைப் பொய் என்றேன். தவறு என்னுடையது.”

டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

“சைன் போதுமே முசே, இந்த வரி எதுக்கு? நாளைக்கு வாங்கறவன் இதப் பாத்தா யோசிப்பான். உங்க பேருக்கும் நல்லதில்ல. என்கிட்ட ரப்பர் இருக்கு.” பையிலிருந்து எடுத்தும் விட்டார், வெள்ளை வெளேரென்று புது ரப்பர்.

“குடுங்க,” என்றார் முசே. வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அந்த ரப்பர் இன்றைக்கும் கடை டிராயரில் இருக்கிறது. அவர் வந்து கேட்டால் கொடுங்கள். இதுவரை கேட்கவில்லை.

“அப்ப பொட்டி?” என்றார் டாக்டர்.

கண்டக்டர் மனைவி பெட்டியைக் காலால் உள்ளறைப் பக்கம் தள்ளிவிட்டார். “பொட்டி எறங்கிடுச்சி டாக்டர். நீங்க ரைட் போங்க.”

பிறகு காப்பி வந்தது. டாக்டருக்கும் வந்தது. முசே ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “ஒரிஜினல்,” என்றார். நான் அவரிடம் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் சொன்ன ஒரே ஜோக் அதுதான். என் பயிற்சி என்று பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். “வாட்ஸ்அப்புல ஒரு வரி போட்டுடுங்க முசே, எல்லாருக்கும் போயிடும்.”

“நான் வாட்ஸ்அப்புல சொல்லலியேம்மா. அந்த வகுப்புல நின்னு சொன்னேன். அங்க நின்னுதான் திருப்பி எடுக்கணும்.”

அடுத்த கூட்டத்தில் அதே இடத்தில் நின்றார். ஒரு கவருக்குள் காசை வைத்து, ஸ்டாம்பைக் குத்தி, பெஞ்சு பெஞ்சாகச் சுற்ற விட்டார். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு, “போன தடவ இவரு கொண்டாந்த சீல் நல்ல சீல். நான் பாத்த விதம் தப்பு. அதனால இவருக்குக் கெட்ட பேரு வந்திச்சி,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விளக்கம் சொல்லவில்லை, அரக்கு உதிர்ந்துபோனதைச் சாக்காகச் சொல்லவில்லை. பல் டாக்டர் எழுந்து, அந்த ஜோக் தன்னுடையது என்றும், அதற்குத் தனக்கே பல் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஜோக் சொல்லித்தான் அவருக்கு மன்னிப்புக் கேட்க வரும், பாவம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். சைன் போடுகிறவரே தப்புச் செய்வாரா என்று சிலர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அதில் சிலர் திரும்பி வரவே இல்லை. முசே அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்னை விட நேரம் எடுத்துப் பார்த்தார். எந்தக் கடிதம் வந்தாலும் மடித்துப் பார்க்கலாமா என்று சொந்தக்காரரைக் கேட்டார். இப்போது நீங்களும் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

அந்த வருஷம் சங்கக் கண்காட்சி. கண்டக்டரின் கடிதத்துக்குக் கண்ணாடி ஃபிரேம் கொடுத்திருந்தார்கள். சென்னையிலிருந்தெல்லாம் அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். நானும் முசேவும் போய்ச் சேரும்போது அந்த ஃபிரேம் முன்னால்தான் கூட்டம். கண்டக்டர் பக்கத்தில் நின்றார், யூனிஃபார்மில், சட்டை பட்டன் எல்லாம் போட்டு. நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு முத்திரையைக் காணோம். கடிதத்தை மடித்தபடியே திருப்பி மாட்டியிருந்தார். மடிப்பும் எண்ணெய்த் தடமும், ஓரத்தில் பென்சில் மிளகும், அதற்குக் கீழே அந்த ஒரு வரியும்தான் தெரிந்தது. முத்திரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யோவ் கண்டக்டரு, சீலு பின்னாடி போயிடுச்சே, பாக்கலியா?”

“பாத்துதான் மாட்டனேன் யக்கா.”

“இவ்வளோ தூரம் வந்தவங்க சீலப் பாக்க வேணாமா?”

“சீலு எப்பவும் நல்ல சீலுதான். எனக்கு மொதல்லயிருந்து தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பக்கந்தான்.”

முசே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். லென்ஸை எடுத்துத் தன் கையெழுத்தைத் தானே பார்த்தார், பொய்யா உண்மையா என்று சோதிக்கிற மாதிரி. காது சிவந்திருந்தது.

“திருப்பி மாட்டுப்பா,” என்றார் மெதுவாக. “அழகான சீலு. ஜனங்க பாக்கட்டும்.”

கண்டக்டர் ஃபிரேம் மேல் கையை வைத்துக்கொண்டார், கூட்டமான பஸ்ஸில் கடிதம் கொடுத்த அந்த வயதான அம்மாவுக்குச் சீட்டுப் பிடித்து வைப்பாரே, அது மாதிரி.

“அடுத்த ஸ்டாப்புல பாத்துக்கலாம் முசே,” என்றார்.